லேபில் நேராகப் போகும் ரோபோ, போட்டியில் மட்டும் வளைகிறது: ஆட்டோனமஸ் டெஸ்டிங்கில் எதை விடுகிறோம்?

கோவை_பிட்_க்ரூ:

எல்லாருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு. எங்க ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) டீமில் ப்ரோக்ராமிங் என் பொறுப்பு. (வேற யாரும் ஜாவா பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்கறாங்க, அது தனிக் கதை.)

2025-26 டீகோட் சீசனுக்கு நாங்க எழுதின ஆட்டோ (மேட்ச் தொடக்கத்தில் யாரும் இயக்காம ரோபோ தானா ஓடற ஆட்டோனமஸ் ப்ரோக்ராம்) பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. சுவரை ஒட்டி நிக்கணும், கையில் இருக்கற மூணு பந்தைக் கோலில் போடணும், மூணு டைல் (ஃபீல்டில் விரிக்கற சதுர மேட்) தூரம் போய் அங்க இருக்கற மூணு பந்தை அள்ளிக்கிட்டு வந்து போடணும். 30 செகண்ட் கொடுப்பாங்க, எங்களுக்கு 22 போதும்.

லேபில் பத்து தடவை ஓட்டினா ஒன்பது தடவை கச்சிதம். போன வாரம் ஒரு பிராக்டிஸ் மீட்டுக்குப் போனோம். அஞ்சு மேட்ச்சில் நாலில் பந்து வரிசையை விட்டு முக்கால் சாண் தள்ளிப் போய் வெறும் தரையை அள்ளிட்டு வந்துச்சு. முதல் மேட்ச் மட்டும் ஒழுங்கா ஓடுச்சு. கோட் ஒரு எழுத்துகூட மாத்தல.

ரோபோவில் இருக்கறது: கன்ட்ரோல் ஹப் (ரோபோவோட மூளை), நாலு மெக்கானம் வீல் (சுத்தி சாய்வா சின்ன ரோலர் இருக்கற சக்கரம்), 312 ஆர்பிஎம் மோட்டார், இடம் பார்க்க கோபில்டா பின்பாயின்ட்டும் (ரோபோ எங்க இருக்கு, எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கணக்கிடற சென்சார் போர்டு) ரெண்டு ஓடோமெட்ரி பாடும் (தரையில் உருண்டு தூரத்தை அளக்கற சின்னச் சக்கரம்). கோச் போனில் எடுத்த வீடியோவை ஸ்லோவா ஓட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆன உடனே ரோபோ சின்னதா ஒரு தலையாட்டு ஆட்டிட்டுத்தான் கிளம்புது. லேபில் அப்படி ஆட்டுனதே இல்ல. யாராவது கை கொடுங்க, போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.

பேட்டரி_மாமா:

தம்பி, ஓல்டேஜ் என்ன இருந்துச்சு? நூத்துல எண்பது கேஸ் இதுதான். 12 ஓல்ட் நிக்கல் பேட்டரி முழு சார்ஜில் 13-க்கு மேல நிக்கும், நாலு மேட்ச் ஓடினா 12-க்குக் கீழ இறங்கிடும். ஸ்லீப் போட்டு, "இவ்வளவு நேரம் இந்த பவர்"னு ஓட்டறீங்கன்னா தூரம் கண்டிப்பா மாறும்.

கோவை_பிட்_க்ரூ:

இல்லீங்க மாமா, நகர்றதுல ஸ்லீப் எங்கேயும் இல்ல, எல்லாம் பாட் கணக்குதான். மேட்ச்சுக்கு மேட்ச் பேட்டரியும் மாத்தினோம், டிரைவர் ஸ்டேஷனில் (ரோபோவை இயக்கற கையடக்கக் கருவி) 13.1-க்குக் குறையல.

மெக்கானம்_புலி:

தரை! லேபில் என்ன மேட் போட்டிருக்கீங்க? நிறைய டீம் ஒரிஜினல் டைல் விலைக்குப் பயந்து குழந்தைங்க விளையாடற ஃபோம் மேட்டை விரிச்சுட்டு ட்யூன் பண்றாங்க. ரோலர் அதுல ஒரு மாதிரி பிடிக்கும், ஒரிஜினலில் வேற மாதிரி. ஒரு பக்க ரோலரில் நூல், முடி எதுவும் சுத்தியிருக்கான்னும் பாருங்க. எங்களுக்கு ஒரு தடவை ஒரு முழ நூல் கிடைச்சுது.

கோவை_பிட்_க்ரூ:

ஃபோம் மேட்தான் அண்ணா, 16 டைல். போட்டி ஃபீல்டு மாதிரி முழு 36-க்கு லேபில் இடம் இல்ல. ஆனா ரெண்டாவது மேட்ச்சில் இடது பக்கம் விலகுச்சு, நாலாவதில் வலது பக்கம். ரோலர் கோளாறுன்னா ஒரே பக்கம்தானே இழுக்கணும்?

சங்கிலிக்கண்ணி:

தம்பி சொல்றது சரி. மாறி மாறி விலகுதுன்னா மெக்கானிக்கல் இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. மூணு டைல்னா 72 இன்ச், 183 சென்டிமீட்டர். முக்கால் சாணை 16 சென்டிமீட்டர்னு வெச்சா கோண வித்தியாசம் சுமார் 5 டிகிரி. ரோபோ தூரத்தைச் சரியா அளக்குது, திசையைத்தான் தப்பா நம்புது. அதுவும் கிளம்பறதுக்கு முன்னாடியே! அந்தத் தலையாட்டு அதுதான். "ஐயோ, நான் 5 டிகிரி திரும்பியிருக்கேன்"னு நினைச்சு, நேரா நிக்கற உடம்பைத் திருப்பிக்குது.

மூணு கேள்வி. பின்பாயின்ட் ரீசெட் கோடில் எங்க இருக்கு? போட்டியில் இனிட் (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ப்ரோக்ராமைத் தயார் பண்ற பட்டன்) அழுத்தறது யாரு, அந்த நேரம் ரோபோ பக்கத்தில் யாரு? இனிட்டுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போச்சு?

கோவை_பிட்_க்ரூ:

அக்கா, இனிட்டோட முதல் வரியே ரீசெட்தான்.

லேபில் நானே ரோபோவை வெச்சுட்டு, டேபிளுக்கு நடந்து வந்து இனிட் அழுத்தி, உடனே ஸ்டார்ட். எல்லாம் சேர்த்து 5 செகண்ட்.

மீட்டில் டிரைவர் ஸ்டேஷன் என்கிட்ட, ரோபோவை வைக்கறது என் ஃப்ரெண்டு. அவன் ஸ்கேல் வெச்சு சுவரோட ஒட்டி மில்லிமீட்டர் மில்லிமீட்டரா தட்டித் தட்டி நேராக்குவான். ரெஃப்ரி "ரெடியா, ரெடியா"ன்னு கேட்டுட்டே இருந்தாரு, அதனால அவன் தட்டிட்டு இருக்கும்போதே இனிட் அழுத்திட்டேன். அப்புறம் எதிர் அணிக்கு வைஃபை வரல, ரெண்டு மூணு நிமிஷம் சும்மா நின்னோம். ஆமா, முதல் மேட்ச்சில் மட்டும் காத்திருப்பே இல்லாம உடனே ஆரம்பிச்சாங்க!

சங்கிலிக்கண்ணி:

வந்துட்டீங்க இடத்துக்கு.

பின்பாயின்ட் ரீசெட்னா எண்ணை பூஜ்யம் ஆக்கறது மட்டும் இல்ல. உள்ளே இருக்கற ஜைரோவை (திரும்பறதை அளக்கற சென்சார்) அது மறுபடி காலிபரேட் பண்ணுது. சுமார் கால் செகண்ட் நிறைய ரீடிங் எடுத்து, "அசையாம நிக்கறதுன்னா இதுதான்"னு மனசுல வெச்சுக்கும். அந்தக் கால் செகண்டில் உங்க ஃப்ரெண்டு தட்டினா, அந்த அசைவையே "நிற்கறது"ன்னு எடுத்துக்கும். அப்புறம் ரோபோ நிஜமாவே நிக்கும்போது மெல்லத் திரும்பிட்டே இருக்கறதா நம்பும். செகண்டுக்கு 0.04 டிகிரிதான் பிசகுன்னாலும் ரெண்டு நிமிஷத்தில் 5 டிகிரிக்கு வந்துடும். எந்தப் பக்கம் தட்டினான்கறதைப் பொறுத்து இடது, வலது.

என்னை நம்ப வேண்டாம், அளந்து பாருங்க. ஸ்டார்ட் வரைக்கும் சும்மா காத்திருக்கற வெயிட்ஃபார்ஸ்டார்ட் வரியை எடுத்துட்டு, அந்த நேரம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடற ஆப்மோட்இன்இனிட் லூப்பில் ஹெடிங்கை (ரோபோ பார்க்கற திசை) டெலிமெட்ரியில், அதாவது டிரைவர் ஸ்டேஷன் திரையில், காட்டுங்க. லூப்பில் அப்டேட்டைக் கூப்பிட மறக்காதீங்க, இல்லன்னா பழைய எண்ணே உறைஞ்சு நிக்கும், "எல்லாம் சரியா இருக்கு"ன்னு ஏமாந்துடுவீங்க. கை படாம ஒரு தடவை, தட்டிக்கிட்டே ரீசெட் பண்ணி சில தடவை. ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம்.

கோவை_பிட்_க்ரூ:

அக்கா!!! கை படாம: மூணு நிமிஷத்தில் 0.2 டிகிரி. தட்டிக்கிட்டே மூணு தடவை: 6.8, மைனஸ் 3.1, 11.4. அசையாம நிக்கற ரோபோவுக்கு எண் மட்டும் மீட்டர் மாதிரி ஏறிட்டே போறதைப் பார்க்க ஒரு மாதிரி பயமா இருந்துச்சு.

இப்போ ரீசெட்டை ஸ்டார்ட்டுக்கு அப்புறம் போட்டுடவா?

மெக்கானம்_புலி:

போட்டுடுங்க. அந்த நேரம் யாரும் கை வெக்க மாட்டாங்க, 30 செகண்டில் கால் செகண்ட் போனா என்ன? மோட்டாருக்குப் பவர் கொடுக்கறதுக்கு முன்னாடி 300 மில்லிசெகண்ட் நிறுத்தி வைங்க, அவ்வளவுதான்.

சங்கிலிக்கண்ணி:

வேலை செய்யும். ஆனா எனக்கு அது அவ்வளவாப் பிடிக்காது. ஸ்டார்ட்டுக்கு அப்புறம் ஏதாவது தப்பாச்சுன்னா பார்க்க நேரமே கிடையாது. நான்னா இனிட் லூப்பிலேயே கேம்பேடில் ஒரு பட்டனுக்கு ரீசெட்டைக் கொடுப்பேன். ஃப்ரெண்டு கையை எடுத்து ஃபீல்டை விட்டு வெளியே வந்து "விட்டாச்சு"ன்னு சொன்ன பிறகு அழுத்தறது, பத்து செகண்ட் ஹெடிங்கைப் பார்க்கறது. நகர்ந்தா மறுபடி அழுத்தறது. அழுத்தினதும் கேம்பேடைக் கீழே வெச்சுடுங்க, ஆட்டோவில் அதைத் தொடக் கூடாது.

இன்னொண்ணு. இனிமே லேபில் நீங்க தனியா ஓட்டிப் பார்க்கறதைக் கணக்கிலேயே சேர்க்காதீங்க. ஃப்ரெண்டு வைக்கட்டும், ஒருத்தர் ரெஃப்ரி மாதிரி அவசரப்படுத்தட்டும், இனிட்டுக்கு அப்புறம் வேணும்னே நாலு நிமிஷம் காக்க வெக்கட்டும். டிரைவர் ஸ்டேஷனில் 30 செகண்ட் டைமரையும் ஆன் பண்ணிக்கோங்க.

கோவை_பிட்_க்ரூ:

அப்டேட். பட்டன் வெச்சாச்சு. எங்க ஃபிசிக்ஸ் மிஸ்தான் ரெஃப்ரி, கொஞ்சம் ஜாஸ்தியாவே ரசிச்சுத் திட்டினாங்க. 20 தடவை ஓட்டினோம், ஒவ்வொண்ணிலும் ரெண்டிலிருந்து நாலு நிமிஷம் காத்திருப்பு. தலையாட்டு ஒரு தடவைகூட இல்ல. 20 தடவையும் பந்தை அள்ளுச்சு.

ஆனா கடைசி ரெண்டு ஓட்டத்தில் மட்டும் எறிஞ்ச பந்து கோல் வரைக்கும் போகாம முன்னாடியே விழுந்துச்சு.

பேட்டரி_மாமா:

ஓல்டேஜ்?

கோவை_பிட்_க்ரூ:

...11.7. பேட்டரி மாத்தவே இல்ல மாமா.

பேட்டரி_மாமா:

பந்தை எறியற ஷூட்டர் வீலை செட்பவரில் (பவர் மட்டும் கொடுக்கற கட்டளை) சுத்த விடறீங்க, அதானே? செட்வெலாசிட்டிக்கு (வேகத்தையே சொல்ற கட்டளை) மாத்துங்க, மோட்டார் சுத்தறதை அளக்கற என்கோடர் வயரும் மாட்டியிருக்கணும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் வேகத்தை அதுவே பிடிச்சு நிறுத்திக்கும். அப்புறம், சார்ஜும் போடுங்க.