கடலோர ரயில் பாதை: எந்த அளவை வைத்து ஆபத்தைக் கணிப்பது?

கேள்வி: வெள்ள ஆபத்தை மதிப்பிட, கடல் மட்டத்தின் சராசரி உயர்வைத் தண்டவாளத்தின் உயரத்தோடு ஒப்பிட்டால் போதுமா?

பதில் 1: போதாது. ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது), புயலால் கடல் பொங்குவது, அலையின் உயரம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேரும் நிலையைத்தான் கணக்கிட வேண்டும். இங்கிலாந்தின் டாலிஷில் 2014 பிப்ரவரியில் கடற்சுவரை உடைத்துத் தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டவை புயல் அலைகளே. அந்தப் பாதை ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

பதில் 2: மட்டம் சிறிதளவு உயர்ந்தாலே, நூறாண்டுக்கு ஒருமுறை என்று கருதப்பட்ட வெள்ளம் பல இடங்களில் அடிக்கடி வரத் தொடங்கும். நிலமும் தாழ்ந்துவரும் பகுதியாக இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 3: தண்டவாளம் மூழ்காவிட்டாலும், கரை அரிப்பும் சிக்னல் கருவிகளை உப்புநீர் அரிப்பதும் போக்குவரத்தை நிறுத்திவிடும். மாற்றுப் பாதை இல்லாத பகுதிகளை முதலில் ஆராய்வதே முறை என்று உறுதியாகக் கருதுகிறேன்.