ஆட்டைத் திவசமும் டர்போ பம்பும்

குழுவின் பெயர்: கீரிமலைப் பயணம்
குழு விதி: இங்கு அனைவரும் நல்ல தமிழில், முழு வசனத்தில் எழுதவும். – பெரியப்பா

வவுனியா அத்தான்: அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பம்மாவின் ஓராண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்குப் பதினொரு பேரைக் கீரிமலைக்கு ஏற்றிச் செல்லவிருந்த நமது டொயோட்டா டொல்பின் வான் நேற்று ஓமந்தையில் நின்றுவிட்டது. டீசல் பம்ப் முடிந்துவிட்டதாகக் கராஜ்காரர் சொல்கிறார். தனது வளவில் கிடக்கும் பழைய ஹைலக்ஸ் சர்ஃப் ஜீப் ஒன்றின் பம்பைக் கழற்றி நாளைக்கே பூட்டித் தருவதாகவும் கூறுகிறார். அந்தப் பம்ப் டர்போ எஞ்சினுக்குரியது, நமது வானின் 2எல் எஞ்சினுக்கு டர்போ இல்லை. பூட்டச் சொல்லலாமா?

சின்னம்மா: பூட்டினால் வான் ஓடுமா, ஓடாதா?

தம்பி (லண்டன்): டர்போ பம்ப் என்றால் இழுவை கூடும் அல்லவா, அத்தான்?

வவுனியா அத்தான்: கராஜ்காரரும் அதைத்தான் சொல்கிறார்.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): மருமகன், சற்றுப் பொறுங்கள். இங்கே பதினெட்டு வருடம் டீசல் பம்ப் கடையில் பம்பைச் சோதிக்கும் பெஞ்சுக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சர்ஃபில் வரும் 2எல்-டி எஞ்சினும் நமது 2எல் எஞ்சினும் ஒரே 2446 சீசீதான். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அதே சிலிண்டருக்குள் கூடுதலான காற்று போகிறது, அந்தக் கூடுதல் காற்றுக்குக் கணக்காகக் கூடுதல் டீசலைக் கொடுப்பதற்கென்றே அதன் பம்ப் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. நமது வான் தானாக உறிஞ்சும் காற்றில் மட்டும் ஓடுகிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். கரும்புகை வராமல் ஓட வேண்டுமானால் அதைவிடவும் நன்றாகக் கூட வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் இழுவை சிறிதளவு கூடியது போல இருக்கும், பிறகு மிச்சமெல்லாம் கரியாகிப் புகைக்குழாயால் வரும், எஞ்சின் சூடேறும், ஹெட் வெடிக்கும். டர்போ எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கும், சாதாரண எஞ்சினை அந்தச் சூட்டுக்கென்று எவரும் செய்வதில்லை.

பெரியப்பா: சீசீ என்பதைக் கன சென்ரிமீற்றர் என்று எழுதலாமே.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): எழுதலாம், அத்தான். கராஜில் விளங்காது.

அக்கா: அப்படியானால் பூட்டவே கூடாதா, மாமா? ஐயருக்கும் சொல்லியாயிற்று.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): பூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பிள்ளை. இரண்டும் வீஇ வகைப் பம்புகள், அதாவது ஒரே பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் அசைந்து நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலை அனுப்பும் வகை. டர்போ பம்பின் தலையில் ஒரு தொப்பி இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர்ச் சவ்வும் ஸ்பிரிங்கும் அடியில் கூம்பிய ஊசியும் உண்டு. டர்போவின் அமுக்கம் குழாய் வழியாக வந்து சவ்வைக் கீழே தள்ளும்போது ஊசியின் கூம்பு நெம்புகோலுக்கு இடம் விடும், டீசல் கூடும். நமது வானில் அமுக்கமே வராது என்பதால் சவ்வு கடைசி வரை மேலேயே நிற்கும், பம்பும் டர்போ எழும்புவதற்கு முன்னர் கொடுக்கும் குறைந்த அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த அளவு நமது எஞ்சினுக்குப் போதுமானதாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், முன்னர் எவராவது திருகியிருந்தால் கூடுதலாகவும் இருக்கலாம். பெஞ்சில் ஏற்றி, பிளஞ்சரின் 200 அடிப்புக்கு எத்தனை சீசீ விழுகிறது என்று அளந்தால்தான் தெரியும்.

சின்னம்மா: குஞ்சித் தம்பி, நீ சுருக்கமாகச் சொல்.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): சுருக்கித்தான் எழுதினேன், அக்கா.

தம்பி (லண்டன்): பின்பக்கத்துத் திருகாணியைத் திருகி டீசலைக் கூட்டலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): அந்தத் திருகாணியைத் தொட்ட பிறகுதான் பாதி வான்கள் எங்கள் கடைக்கு வரும். அது முழுப்பாரத்துக்குரிய அளவு. கால் சுற்றே மிக அதிகம். கராஜ்காரர் வீதியில் ஓட்டிப் பார்த்துத் திருகுவதாகச் சொன்னால், மருமகன், தயவுசெய்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வவுனியா அத்தான்: பம்பின் படத்தை அனுப்பியிருக்கிறேன். மேலே தொப்பி இருக்கிறது.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): தொப்பியை மட்டும் வைத்து டர்போ பம்ப் என்று முடிவு செய்ய முடியாது. மலைப்பாதைகளில் காற்று ஐதாகும்போது டீசலைக் குறைப்பதற்கென்று டர்போ இல்லாத சில பம்புகளிலும் அதுபோன்ற ஒன்று மேலே இருக்கும். பம்பின் பக்கத்தில் உள்ள தகட்டின் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். டொயோட்டா இலக்கமானால் 22100 என்று தொடங்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பம்பிலிருந்து தடித்த மின்கம்பிக் கொத்து வந்தால் அது 2எல்-டிஈ பம்ப். அதன் டீசல் அளவைத் தீர்மானிப்பது கணினிப் பெட்டி. நமது வானில் பூட்டினால் அது பேசாமல் இருக்கும். எஞ்சினை நிறுத்துவதற்கான ஒற்றைக் கம்பி மட்டுமென்றால் பயமில்லை.

பெரியப்பா: இந்தப் பம்ப் ஏன் பழுதடைந்தது என்று இதுவரை எவரும் கேட்கவில்லையே.

அக்கா: பெரியப்பா, அது இப்போது தேவையா?

குஞ்சி மாமா (ரொறன்ரோ): தேவைதான், பிள்ளை. சூடேறிய பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்ததா?

வவுனியா அத்தான்: ஆம், மாமா. காலையில் ஒரே அடியில் எழும்பும். நாற்பது கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் பிறகு எழும்பாது. பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்துதான் எடுத்து வந்தேன்.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): பிளஞ்சர் தேய்ந்த பம்பின் குணம் அதுதான். சூட்டில் டீசல் ஐதாகித் தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடும், ஸ்டார்ட்டரின் மெதுவான சுற்றுக்கு அமுக்கம் ஏறாது. இந்த வகைப் பம்புக்குத் தனி எண்ணெய் கிடையாது, டீசல்தான் அதற்கு எண்ணெயும். 2022ஆம் ஆண்டு டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு இருந்தபோது, அந்த வானுக்குள் எது ஊற்றப்பட்டது என்று நான் கேட்கப் போவதில்லை.

வவுனியா அத்தான்: கேட்டுவிட்டீர்கள், மாமா. அம்மாவின் மருந்துக்கு யாழ்ப்பாணம் போய்வர வேண்டியிருந்தது. இரண்டு முறை மட்டும் கலந்தேன்.

சின்னம்மா: தொண்ணூறுகளில் எங்கள் ஐயா ஏ40 காரை மண்ணெண்ணெயில்தானே ஓட்டினார்? அது ஓடவில்லையா?

குஞ்சி மாமா (ரொறன்ரோ): அது பெற்றோல் கார், அக்கா. ஸ்டார்ட் பண்ண இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டால் பிறகு இருமிக்கொண்டு ஓடும். அதில் தேய்வதற்கு இந்த வகைப் பம்ப் இல்லை. மேலும் வானை வாங்கக் காசு அனுப்பியவனுக்கு இந்தக் கவலை இருக்கத்தான் செய்யும்.

அக்கா: 2011இல் அனுப்பிய காசை மாமா இன்னும் மறக்கவில்லை.

பெரியப்பா: விடயத்துக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எதில் போகிறோம்?

குஞ்சி மாமா (ரொறன்ரோ): என்னுடைய யோசனை இது. இரண்டு பம்புகளையும் கழற்றி ரெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்குக் கொண்டு போங்கள். சர்ஃப் பம்பின் உட்பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால், டர்போ இல்லாத 2எல் எஞ்சினுக்குரிய அளவுக்கு டீசலைக் கட்டச் சொல்லுங்கள். அமுக்கக் குழாய் வரும் துளையை வக்கூம் குழாயில் மாட்டிவிட வேண்டாம், தூசி போகாமல் வாய் கீழ்நோக்கிய சிறு குழாயொன்றை மாட்டித் திறந்தே விடுங்கள். டீசல் பாயும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் காதால் வைக்க விடாதீர்கள். பம்பின் பின்பக்க நடு ஆணியைக் கழற்றி டயல் கேஜ் மாட்டி, பிளஞ்சரின் அசைவை அளந்து, 2எல் எஞ்சினுக்குரிய அளவில் வைக்க வேண்டும். டர்போ எஞ்சினின் அளவில் வைத்தால் நமது எஞ்சினுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பல்லுப் பெல்ற்றின் புல்லியையும் குழாய் இணைப்புகளையும் பழைய பம்போடு அருகருகே வைத்துப் பார்த்த பிறகே பூட்டட்டும். எனக்குக் கேட்டால், பழைய பம்புக்குப் புதிய பிளஞ்சர் தலை போடுவதே நிம்மதி. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது.

தம்பி (லண்டன்): ஒரு டர்போவையும் வாங்கிப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

குஞ்சி மாமா (ரொறன்ரோ): நீ காசு அனுப்பு, பூட்டலாம்.

வவுனியா அத்தான்: அடுத்த மாதம் வானின் வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க வேண்டும், மாமா. புகைப் பரிசோதனையில் விழுந்துவிட்டால் வான் முற்றத்தில்தான் நிற்கும்.

குஞ்சி மாமா (ரொறன்ரோ): அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன், மருமகன். பெஞ்சில் அளந்து கட்டினால் புகை வராது.

சின்னம்மா: அதுவரையில் வாடகை வான் ஒன்றைப் பேசி வையுங்கள். அம்மாவின் காரியத்துக்குப் போகும் வழியில் ஏ9 வீதியில் ஈரச் சாக்கோடு என்னால் நிற்க முடியாது.

வவுனியா அத்தான்: பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வரை வேறு ஓட்டம் பிடிக்காமல் பொறுத்திருப்பதாகச் சொன்னார்.

பெரியப்பா: முற்பணம் கொடுத்தாயிற்றா?

அக்கா: இவர் கராஜுக்குப் போய்விட்டார், பெரியப்பா. பழைய பம்பை ஏற்கெனவே கழற்றத் தொடங்கிவிட்டார்களாம்.

வவுனியா அத்தான்: மாமா, தகட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். மின்கம்பி ஒன்றுதான் இருக்கிறது. இலக்கம் தெரிகிறதா?

குஞ்சி மாமா (ரொறன்ரோ): முதல் இரண்டு இலக்கமும் தெரிகின்றன, மிச்சமெல்லாம் கிறீஸ். ஒரு துணியில் சிறிது டீசல் விட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுங்கள். அதுவரை எதையும் பூட்டச் சொல்ல வேண்டாம்.

தம்பி (லண்டன்): மண்ணெண்ணெயிலும் துடைக்கலாம்.

அக்கா: தம்பி, போய் நித்திரை கொள்.