ஹோஸ்ட் "அலேர்ட்" எண்டே நிக்குது: கேவிஎம் ஹோஸ்டைக் கிளவுட்ஸ்டக்கோட சேர்த்த அனுபவங்கள்

(கிளவுட்ஸ்டக் எண்டது கனக்கச் சேர்வர்களை ஒரு திரையில இருந்து நடத்துற மென்பொருள். கேவிஎம் ஹோஸ்ட் எண்டது விஎம் எண்ட மெய்நிகர் கணினிகளை ஓட்டுற லினக்ஸ் மெசின். நாலு ஊர்க்காரர் சொன்னது, அவையின்ர ஊர்ப் பேரோட.)

கிளிநொச்சி:
எஸ்எஸ்எச் உள்ள போகுது, ரூட் பாஸ்வேர்ட் சரி, ஏஜென்டும் (ஹோஸ்டில இருந்துகொண்டு, கிளவுட்ஸ்டக் ஓடுற மனேஜ்மன்ட் சேர்வரோட கதைக்கிற நிரல்) ஓடுது. ஆனா திரையில "அலேர்ட்". ஏஜென்ட் லொக்கைத் திறந்தா 127.0.0.1, போர்ட் 8250. மனேஜ்மன்ட் சேர்வரை விட்டிட்டுத் தன்ர கதவையே தட்டிக்கொண்டிருக்கு! குளோபல் செட்டிங்கில "ஹோஸ்ட்" எண்ட இடத்தில "லோக்கல்ஹோஸ்ட்" கிடந்தது. அதுக்கு மனேஜ்மன்ட் சேர்வரின்ர ஐபியைக் குடுத்து, சேவையை ரீஸ்டார்ட் பண்ணி, ஹோஸ்டின்ர ஏஜென்ட் ப்ராப்பர்டீஸ் கோப்பிலயும் அதையே போட "அப்" வந்திட்டுது. பயர்வோலும் நிப்பாட்டித்தான் இருந்தது.

வவுனியா:
அண்ணை, பயர்வோலை முழுசா நிப்பாட்டுறது பிழை. மனேஜ்மன்ட் சேர்வரில போர்ட் 8250. ஹோஸ்டில 22, லிப்வேர்ட் (ஹோஸ்டில விஎம்முகளை நடத்துற சேவை) டிஎல்எஸ் எண்ட பாதுகாப்பான இணைப்புக்கு 16514, ஓடுற விஎம்மை வேற ஹோஸ்டுக்கு மாத்துற லைவ் மைக்ரேஷனுக்கு 49152 தொடக்கம் 49215 வரை, விஎம்மின்ர திரையைப் பாக்கிற கொன்சோலுக்கு 5900 தொடக்கம் 6100 வரை. இவ்வளவும் திறந்தாக் காணும், அதுவும் உள் நெட்வேர்க்குக்கு மட்டும். உபுண்டு 20.04இல லிப்வேர்ட் சொக்கெட் யூனிட்டுகளை மாஸ்க் பண்ணாட்டி (எழும்பவே விடாமத் தடுக்காட்டி) "லிசன்" ஒப்ஷனோட லிப்வேர்ட் எழும்பாது. போர்ட் திறந்திருந்தும் அந்தப் பக்கம் கேக்க ஆள் இராது.

மாங்குளம்:
ரெண்டு ஹோஸ்டும் "அப்". விஎம்மை ஒண்டில இருந்து மற்றதுக்கு மாத்தினா, "அதே ஹோஸ்டுக்கு மாத்தப் பாக்கிறாய்" எண்டு லிப்வேர்ட் மறுக்குது. போர்டின்ர விபரத்தைக் காட்டுற டிஎம்ஐடிகோட் கட்டளையை அடிச்சா ரெண்டிலயும் 03000200-0400-0500-0006-000700080009. மலிவான போர்டுகள் கனக்க இந்த ஒரே யூயுஐடியோடதான் (மெசினுக்கு மெசின் வேறயா இருக்கவேண்டிய அடையாள எண்) வருது. யூயுஐடிஜென் கட்டளையால ஹோஸ்டுக்கொண்டு எடுத்து, லிப்வேர்ட் கொன்பிக் கோப்பில "ஹோஸ்ட் யூயுஐடி" வரியில போட்டு, லிப்வேர்டை ரீஸ்டார்ட் பண்ணவேணும்.

முல்லைத்தீவு:
ஐப்பசி இடிக்குக் கரண்ட் போய் வந்தது. ஆறு ஹோஸ்டில ஒண்டு மட்டும் சேரேல்ல. லொக்கில, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகேல்ல எண்டு கிடக்கு. ஹோஸ்டின்ர திகதியைப் பாத்தா ரெண்டு வருசம் பின்னால! போர்டில நேரத்தைக் காக்கிற சிஆர்2032 பற்றரி செத்திட்டுது.

பற்றரியை மாத்தினதோட விட்டிடாதேங்கோ. இடி மின்னலுக்கு இஞ்ச கரண்டோட இன்டர்நெட்டும் போகும். ஹோஸ்டுகள் எழும்பி நேரம் கேக்க வெளி என்டிபி சேர்வரைத் தேடினா ஒண்டும் கிடைக்காது. அதால மனேஜ்மன்ட் சேர்வரிலயே குரோனி எண்ட, நேரத்தைச் சரிப்படுத்துற மென்பொருளைப் போட்டு, "அலோவ்" வரியில ஹோஸ்ட் நெட்வேர்க்கையும், கூடவே "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" எண்டும் எழுதுங்கோ. வெளி நேரம் கிடைக்காட்டியும் அது தன்ர நேரத்தைக் குடுக்கும். அந்தச் சேர்வரின்ர பற்றரியையும் முதலே பாருங்கோ, அது பிழைச்சா எல்லாம் பிழைக்கும். ஹோஸ்டுகளின்ர குரோனியை இந்தச் சேர்வரிட்டயே நேரம் கேக்க வையுங்கோ, அதில "மேக்ஸ்டெப் 1.0 3" (ஒரு செக்கனுக்கு மேல பிழைச்சா ஒரேயடியாத் திருத்தும்) இருக்கவேணும். இல்லாட்டி ரெண்டு வருச வித்தியாசத்தைக் குரோனி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். "3" எண்டது முதல் மூண்டு அப்டேற்றுக்கு மட்டும். நேரம் சரிவந்த பிறகுதான் ஏஜென்டை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ.

வவுனியா:
"எச்டபிள்யூக்ளொக் --systohc" அடிச்சு அந்த நேரத்தைப் போர்டிலயும் எழுதிவிடுங்கோ தம்பி.