மறிப்பளவு: சேறு அள்ளும் வேலையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

‘அக்‌ஷன் லெவல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன கிழமை நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நேற்றுப் பின்னேரம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே கிடைத்த தெளிவோடு இதை எழுதுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள். கராஜ் எண்ணெயும் வீட்டுக் கழிவும் பல வருடமாக வாய்க்கால் வழியே வந்து படிந்த குளம் அது. அடியில் கறுத்த சேறு கிடக்கிறது. அதைக் கிளறும்போது காற்றிலும் தண்ணீரிலும் என்ன கலக்கிறது என்று கண்காணிக்க ஒரு திட்டம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். குளத்தைச் சுற்றி இருக்கிற சனம் வாசித்து விளங்கிக்கொள்ளத் தமிழில் ஒரு பலகை வேண்டும். அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கலங்கல், கரைந்த ஒட்சிசன், தூசு, ஐதரசன் சல்பைட்டு எல்லாவற்றுக்கும் நமக்குச் சொல் இருக்கிறது. ‘அக்‌ஷன் லெவல்’ என்று வந்த இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

அது என்னவென்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். நஞ்சுபட்ட நிலங்களைத் துப்புரவு செய்யும்போது அயலில் உள்ளவர்களைக் காப்பதற்காக நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களம் ஒரு பொதுத் திட்டம் வைத்திருக்கிறது. வேலைத்தளத்தின் இரண்டு பக்கமும் கருவி வைப்பார்கள்: காற்று வரும் பக்கத்தில் ஒன்று, காற்றுப் போகும் பக்கத்தில் ஒன்று. 10 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட தூசு, 15 நிமிடச் சராசரியில், காற்று வரும் பக்கத்தைவிடப் போகும் பக்கத்தில் கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம் கூடினால் தூசை அடக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும் வித்தியாசம் 150ஐத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும். பெற்றோல் ஆவி போன்ற, ஆவியாகும் சேதனப் பொருட்களுக்கும் இதே மாதிரித்தான். பத்து இலட்சத்தில் 5 பங்கு கூடினால் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். 25 பங்கைத் தாண்டினால் முழுவதும் மூடிவிடுவார்கள்.

இந்த எண்களை நான் எங்கள் பலகையில் எழுதப் போவதில்லை. எங்கள் குளத்துக்கான எண்ணைப் பொறியியலாளர்கள் தீர்மானிப்பார்கள். நான் பார்ப்பது இந்த எண் என்ன வகையான எண் என்பதை. சட்டம் சொல்லும் வரம்பு வேறு, இது வேறு. வரம்பைத் தாண்டினால் தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்த எண்ணைத் தொட்டால் தவறு இன்னும் நடக்கவில்லை, ஆனால் இனிச் சும்மா இருக்கக் கூடாது என்று அர்த்தம். யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். எண்ணும் செயலும் ஒட்டியே பிறந்தவை.

சரி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

அதிகம் பேர் சொன்னது ‘நடவடிக்கை மட்டம்’. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் ஒரு கடிதம், ஒரு கூட்டம், பிறகு ஒரு அறிக்கை என்றுதான் காதில் விழுகிறது. சேறு அள்ளும் பெக்கோ இயந்திரம் அந்த நிமிடமே நிற்க வேண்டும் என்ற பொருள் அதில் வராது. இன்னொரு சிக்கல் ‘மட்டம்’. குளத்தங்கரையில் நிற்கும் பலகையில் ‘மட்டம்’ என்று கண்டால் யாரும் முதலில் நீர்மட்டத்தைத்தான் நினைப்பார்கள். ‘கலங்கல் மட்டம் 50’ என்று எழுதினால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வாசிக்க இடமுண்டு. அதனால் ‘மட்டம்’ வேண்டாம், ‘அளவு’ போதும் என்பது என் முடிவு.

‘எச்சரிக்கை அளவு’ எச்சரிப்பதோடு முடிந்துவிடுகிறது. ‘தூண்டல் அளவு’ நல்ல முயற்சி. ஆனால் எங்கள் பிள்ளைகள் பௌதிகத்தில் மின்காந்தத் தூண்டலையும் உயிரியலில் தூண்டலையும் படிக்கிறார்கள். மூன்றாவது பொருளை அதன் தலையில் ஏற்றுவானேன்? ‘உச்ச அளவு’ சொன்ன நண்பருக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்திலேயே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அந்தச் சொல்தான்.

உச்சம் என்றால் மேலே ஏறுவதை மட்டும் பார்க்கிறோம். குளத்தில் முதலில் காலை வாருவது ஒட்சிசன், அது கீழே இறங்கும். எங்கள் வெயிலில், 30 பாகை செல்சியசில், தண்ணீர் காற்றிலிருந்து லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும். காற்றில்லாமல் வருடக்கணக்காகக் கிடந்த கறுத்த சேற்றைக் கிளறினால் அதிலுள்ள சல்பைட்டும் அழுகல் பொருளும் அந்த ஒட்சிசனை உறிஞ்சிவிடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. விடியற்காலையில் நிலைமை இன்னும் மோசம். இரவு முழுக்கப் பாசியும் செடிகளும் ஒளிச்சேர்க்கை செய்யாமல் சுவாசித்துக்கொண்டே இருப்பதால் சூரியன் கிளம்பும் நேரத்தில்தான் ஒட்சிசன் ஆகக் குறைந்திருக்கும். மத்தியானம் அளந்துவிட்டு ‘நல்லாக இருக்கிறது’ என்று போனால் விடியலில் மீன் செத்து மிதக்கும். பிஎச் என்ற அமில காரத் தன்மையோ இரண்டு பக்கமும் தவறலாம். ஆகவே நமக்கு வேண்டிய சொல் ஏறினாலும் இறங்கினாலும் பொருந்த வேண்டும். அதோடு சேர்த்து, ‘மீறினால்’ என்று எழுதாமல் ‘எட்டினால்’ என்று எழுத வேண்டும் என்பதையும் கவனித்தேன்.

வன்னியிலிருந்து எழுதியவர் ‘வான்மட்டம்’ சொன்னார். வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. குளக்கட்டு உடையும் உயரம் வரை தண்ணீரை ஏற விடாமல், அதற்குக் கீழேயே வான் பாய வைக்கிறோம், அதாவது மிஞ்சிய நீரை வழிந்தோட விடுகிறோம்; இரணைமடுக் குளத்தில் மழைக்காலத்தில் வான்கதவைத் திறப்பதும் அதற்குத்தான். கட்டின் உயரம் வரம்பு, வான் பாயும் உயரம் நாம் தேடும் அளவு. கருத்தை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, பலகையின் கீழே ஒரு வரியாக நிச்சயம் எழுதுவேன். ஆனால் சொல்லாக நிற்காது. காற்றைப் பற்றிப் பேசும் பலகையில் ‘வான்’ என்றால் ஆகாயம் என்றுதான் எடுப்பார்கள். ரோட்டில் ஓடும் வானும் இருக்கிறது.

இப்போது என்னுடைய முன்மொழிவு. ஆங்கிலத்தில் ஒரு பெயரில் இருப்பதைத் தமிழில் இரண்டாகப் பிரித்துவிடுவோம். நியூயோர்க் உதாரணத்தில் தூசை அடக்கச் சொன்ன முதல் படி ‘தணிப்பளவு’. வேலையை நிறுத்தச் சொன்ன இரண்டாம் படி ‘மறிப்பளவு’.

‘மறி’ எங்கள் வாயில் தினமும் புழங்கும் சொல். பஸ்ஸை மறிக்கிறோம், மாட்டை மறிக்கிறோம். இலங்கைச் சட்டத் தமிழில் ‘விளக்கமறியல்’ இருக்கிறது, தமிழ்நாட்டில் ‘சாலை மறியல்’ இருக்கிறது. கடலுக்கு இரு கரையிலும் உயிரோடு இருக்கும் வேர். ‘மறியல்’ போராட்டத்தை நினைவூட்டாதா என்று சென்னை நண்பர் ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். ‘மறிப்பு’ என்று மாற்றியதும் அந்த நிழல் பெரும்பாலும் போய்விடுகிறது. மிச்சம் இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு எண் நடுவில் வந்து நின்று வேலையை மறிக்கிறது என்று ஆட்கள் நினைத்தால் அது சரியான நினைப்புத்தான்.

‘தணிப்பளவு’ அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. சனசமூக நிலையத்தில் ஒரு அம்மா உடனே கேட்டார்: “அப்ப ஒட்சிசன் குறைஞ்சாலும் அதைத் தணிக்கிறதோ?” எனக்குப் பதில் வரவில்லை. தூசைத் தணிக்கலாம், நாற்றத்தைத் தணிக்கலாம், கலங்கலைத் தணிக்கலாம். ஒட்சிசனைக் கூட்ட அல்லவா வேண்டும்? இரவு முழுக்க யோசித்த பிறகுதான் பிடிபட்டது. ‘மறிப்பளவு’ என்னும்போது மறிக்கப்படுவது தூசு அல்ல, வேலை. அதேபோலத் ‘தணிப்பளவு’ என்னும்போது தணிக்கப்படுவதும் வேலையின் வேகம்தான். ஒட்சிசன் குறைந்தால் வாளியை மெதுவாக இறக்கு, ஒரு மூலையில் மட்டும் அள்ளு, காற்றூட்டும் பம்பைப் போடு. இரண்டு சொல்லுக்கும் செயப்படுபொருள் வேலை என்று வரைவிலக்கணத்தில் தெளிவாக எழுதிவிட்டால் குழப்பம் தீரும். இன்று காலையில் அதே அம்மாவிடம் போய்ச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறீர்கள். ‘தணிப்பு மறிப்பு அளவுகள்’ என்றே வைப்போம். வரவையும் செலவையும் சேர்த்து ‘வரவுசெலவுத் திட்டம்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதில்லை. சோடி சேர்த்துப் பொதுப்பெயர் ஆக்குவது தமிழின் பழைய பழக்கம்.

ஐதரசன் சல்பைட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலகையில் ஆளைக் காப்பாற்றும் வரி அதுவாகத்தான் இருக்கும். கூழ்முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு பிடித்துவிடும். ஆனால் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அது காற்றைவிடக் கனமானதால் தோண்டிய குழியில் போய்த் தங்கும். எங்கள் ஊரில் கிணறு கலக்கி இறைக்க இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். சொல் இல்லாமலே நம்மவர்கள் வைத்திருந்த மறிப்பளவு அது. ஆனால் இந்த வாயுவுக்கு விளக்கு உதவாது: ஆளைக் கொல்லும் அளவு இருக்கும்போதும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும், சேற்றிலிருந்து மெதேன் வந்தால் தீப்பிடிக்கவும் கூடும். கருவிதான் வேண்டும். ‘மணம் இல்லை, ஆகவே மறிப்பளவு எட்டவில்லை’ என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதபடி அந்த வரியை எழுத வேண்டும்.

தண்ணீரில் இன்னொரு கஷ்டம். கலங்கலையும் ஒட்சிசனையும் கரையில் நின்றே சில நிமிடத்தில் அளந்துவிடலாம். எண்ணெயும் பார உலோகங்களும் ஆய்வுகூடத்துக்குப் போய் வர நாள் பிடிக்கும். அதுவரை காத்திருந்தால் மறிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பார உலோகங்கள் பெரும்பாலும் சேற்றுத் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு போவதால், கலங்கலையே அவற்றின் முன்னறிகுறியாக வைத்து மறிப்பளவு போடலாம். எங்கள் நிலத்துக்கு இது மிக முக்கியம். கீழே இருப்பது பொந்தும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். குளத்து நீர் ஊறித்தான் அயல் கிணறுகள் நிற்கின்றன. அடியில் படிந்த களியை அதிகம் தோண்டினால் அழுக்கு நேரே கிணற்றுக்கு இறங்கக் கூடும். எங்கள் யாழ்ப்பாணத்திலேயே, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த நாட்களில் சனம் கேட்டது ஒரே கேள்விதான்: “குடிக்கலாமோ, கூடாதோ?” எங்கள் பலகையில் அயல் கிணறுகளுக்கும் தனியாக ஒரு வரி இருக்கும்.

வரைவிலக்கணம் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

தணிப்பளவு: அளவீடு எந்த எண்ணை எட்டியதும் வேலையின் வேகத்தையும் முறையையும் தணிக்க வேண்டுமோ, முன்கூட்டியே தீர்மானித்த அந்த எண்.

மறிப்பளவு: அளவீடு எந்த எண்ணை எட்டியதும் வேலையை உடனே நிறுத்த வேண்டுமோ, முன்கூட்டியே தீர்மானித்த அந்த எண். அளவீடு மறுபடி தணிப்பளவுக்குள் வரும்வரை வேலை தொடங்கக் கூடாது.

பலகையில் வரப்போகும் வசனம்: ‘தூசு மறிப்பளவை எட்டினால் பெக்கோ நிறுத்தப்படும். நிறுத்தாவிட்டால் கீழுள்ள இலக்கத்துக்கு அழைக்கவும்.’

ஒரு சொல் இன்னும் பாக்கி. காற்று வரும் பக்கம், காற்றுப் போகும் பக்கம் என்று இதுவரை நீட்டி எழுதிவந்தேன். ‘மேற்காற்றுப் பக்கம்’ என்று சுருக்கலாம் என்றார் ஒருவர். ஆனால் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று என்று கொள்வார்கள். வேலை நடக்கப்போவது ஆடி ஆவணியில், குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரம். அப்போது வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து. குளத்துக்கு வடகிழக்கே பள்ளிக்கூடம் இருப்பதால் தூசுக் கருவி கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். அள்ளிய சேறு கரையில் காய்ந்து பொடியாகும்போதுதான் தூசு கிளம்பும். வேலை, வடக்குப் பக்கமிருந்து காற்று வீசும் வாடைக் காலத்துக்கு இழுபட்டால் கருவியைத் தெற்குப் பக்கம் மாற்ற வேண்டிவரும். அதனால் திசை சொல்லாத ஒரு சொல் தேவை. பாய் கட்டி ஓடியவர்களிடம் இதற்கு ஒரு சொல் இருந்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் இருக்கும் குருநகர்ப் பக்கம் போய்க் கேட்கிறேன். மன்னார், நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் கரையிலும் கேட்டு எழுதுங்கள். பலகைக்குப் பெயின்ற் அடிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.