மேடையில் பாட்டா, நாட்டு நடப்பா? டிக்கெட் எடுத்தவன் கேட்கிறேன்

கடைசி_வரிசை:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாடகரை நேரில் கேட்க வேண்டும் என்று ரயில், பஸ், தங்கும் இடம் எல்லாம் பார்த்து வேற்றூருக்குப் போகிறோம். அவர் நாலு பாட்டு பாடிவிட்டு, கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, நாட்டில் என்ன நடக்கிறது தெரியுமா என்று ஆரம்பிக்கிறார். போன மாதம் எனக்கு இதுதான் நடந்தது. டிரம்ஸ்காரர் இரண்டு குச்சியையும் மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், இது இப்போதைக்கு முடியாது என்று அவருக்கே தெரியும் போல. சொன்ன கருத்தில் முக்கால்வாசி எனக்கும் உடன்பாடுதான், பிரச்சினை அது இல்லை. இத்தனை மணிக்குள் நிகழ்ச்சியை முடிக்க வேண்டும் என்று அரங்கத்துக்கு ஒரு விதி இருக்கிறது, ஆகவே பேச்சுக்குப் போகும் நிமிடமெல்லாம் பாட்டுக் கணக்கிலிருந்துதான் போகிறது. 2012இல் லண்டன் ஹைட் பார்க்கில் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் ஒன்றாக மேடையில் நிற்கும்போதே நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. எனக்கு அன்று வர வேண்டிய கடைசி இரண்டு பாட்டு வரவே இல்லை. செய்திதான் வேண்டுமென்றால் கையில் போன் இருக்கிறதே, அதற்கு இத்தனை தூரம் எதற்கு?

மழைப்பயணி:
அண்ணா, ஸ்பிரிங்ஸ்டீன் பெயரை நீங்களே எடுத்துவிட்டீர்கள், அவரிடமே வருகிறேன். 1988 ஜூலை 19, கிழக்கு பெர்லின், வைசென்சே சைக்கிள் பந்தயத் திடல். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கூட்டம், அதற்கும் மிக அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏற்பாடு செய்தது அங்கிருந்த கம்யூனிஸ்ட் அரசின் இளைஞர் அமைப்பு. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், இது அப்போது இடதுசாரி ஆட்சியில் இருந்த நிகரகுவாவுக்கு ஆதரவான நிகழ்ச்சி என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட்டார்கள். பாடகருக்கு அது பிடிக்கவில்லை. நடுவில் நிறுத்தி, முன்பே தயார் செய்துவைத்திருந்ததை ஜெர்மன் மொழியில் சொன்னார்: நான் எந்த அரசுக்காகவும் வரவில்லை, உங்களுக்காக ராக் வாசிக்க வந்தேன், தடைகள் எல்லாம் ஒரு நாள் உடையும் என்ற நம்பிக்கையில் வந்தேன். அவ்வளவுதான், அடுத்த பாட்டு. இப்போது சொல்லுங்கள், அவர் வாயைத் திறக்காமல் பாடிவிட்டுப் போயிருந்தால் அந்த மேடையில் அரசியலே இல்லை என்று ஆகியிருக்குமா? அது ஏற்கெனவே ரசிகரின் சட்டைப் பையில் டிக்கெட்டாக இருந்தது.

பெர்லின் போனபோது டிராம் பிடித்து அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பையன் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தான், அவன் அப்பா கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஏதோ கத்திக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்ற ஒரு பெரியவரிடம் கை ஜாடையும் அரைகுறை ஆங்கிலமுமாகப் பேச்சுக் கொடுத்தால், அவர் அன்றைக்கு அங்கே இருந்தவராம்! ஆனால் மிகவும் பின்னால் நின்றதால் பேச்சு சரியாகக் காதில் விழவில்லையாம், முன்னால் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். கால் வலிதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

கடைசி_வரிசை:
பார்த்தீர்களா, அங்கே இருந்தவருக்கே பேச்சு கேட்கவில்லை, கால் வலிதான் மிச்சம். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறார் தம்பி.

கிண்டல் இருக்கட்டும். அந்தப் பேச்சால்தான் பெர்லின் சுவர் விழுந்தது என்கிற ரீதியில் கதை கட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. ஹங்கேரி எல்லையைத் திறந்தது, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் திங்கட்கிழமை தோறும் மக்கள் தெருவில் இறங்கினார்கள், சோவியத் தலைவர் கோர்பசேவ் படையை அனுப்பவில்லை, கடைசியில் 1989 நவம்பர் 9 அன்று கிழக்கு ஜெர்மனி ஆளுங்கட்சியின் ஷாபோவ்ஸ்கி பத்திரிகையாளர்கள் முன்னால் கையில் இருந்த காகிதத்தைப் புரட்டிவிட்டு, எல்லை தாண்டிப் போகும் அனுமதி தெரிந்தவரை உடனே அமலுக்கு வருகிறது என்று உளறினார். அப்படி விழுந்த சுவர். பாட்டுக்காரர்களின் பங்கு என்று பார்த்தால், அமெரிக்க நடிகரும் பாடகருமான டேவிட் ஹாசல்ஹாஃப் அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு விளக்கு மின்னும் கோட்டைப் போட்டுக்கொண்டு சுவருக்கு மேலே தொங்கிப் பாடினாரே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? விழுந்து ஏழு வாரம் கழித்து!

மழைப்பயணி:
சுவரை அவர்தான் தள்ளினார் என்று நான் எங்கே சொன்னேன்? அன்று அவர் பேசியது சரியா தவறா என்பதுதான் கேள்வி. பலன் கிடைத்ததா இல்லையா என்று பார்த்துத்தான் ஒரு பேச்சை அனுமதிப்போம் என்றால் பட்டிமன்ற நடுவர் கூட வாய் திறக்க முடியாது.

மேடைக்குப்_பின்னால்:
ஒலிப்பதிவு, மேடை ஒலி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு தகவல். பெரிய ஷோக்களில் விளக்கு, பின்திரை வீடியோ எல்லாமே பாட்டோடு நேரம் வைத்துக் கட்டப்பட்டிருக்கும், வேகம் தப்பாமல் இருக்க டிரம்ஸ்காரர் காதில் 'கிளிக்' என்ற தாள ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பேச்சு என்பது பெரும்பாலும் திடீர் ஆவேசம் இல்லை, பாட்டுப் பட்டியலிலேயே அதற்கு இடம் ஒதுக்கி எழுதியிருப்போம். அந்த நேரத்தில் பின்னால் கிட்டார் மாறும், வேறு சுருதிக்கு டியூன் செய்த கிட்டார் வரும், பாடுகிறவர் தண்ணீர் குடிப்பார். நீங்கள் அதைப் பிரசங்கம் என்கிறீர்கள், எங்களுக்கு அது மூச்சு விடுகிற நேரம். ஆனால் கடைசி_வரிசை சார் சொல்கிற ஆள் பட்டியலைத் தாண்டிப் போயிருப்பார் போலிருக்கிறது. அப்படி ஆனால் வெட்டு விழுவது கடைசிப் பாட்டில்தான், அது உண்மை. ஒலிக் கன்சோலில் இருப்பவன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்துப் போவான்.

வயலின்_வாணி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மொழியே தெரியாத ஒரு நாட்டில், திறந்தவெளியில், பாடகி பேசத் தொடங்கிவிட்டார். ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. கூட்டம் முழுக்க அமைதி, சில பேர் கண்ணைத் துடைக்கிறார்கள், நான் மட்டும் பேந்தப் பேந்த முழிக்கிறேன். பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனில் எதையோ தட்டி, மொழிபெயர்த்து, என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பக்கத்து மாவட்டத்தில் வெள்ளம், வெளியே போகும்போது உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடுங்கள். திரையில் ஒரு விரிசல், அதில் 'வெள்ளம்' என்கிற எழுத்து பாதி உடைந்து தெரிந்தது. அடுத்து வந்த பாட்டை நான் ஏற்கெனவே பல தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது எதைப் பற்றியது என்று தோன்றியது. நீங்கள் சொல்கிற கணக்கில் எனக்கு ஒரு பாட்டு நஷ்டமாகவே இருக்கட்டும்.

கடைசி_வரிசை:
வாணி, நிவாரணம் கேட்பது வேறு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் மேதை ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நடத்தினார்களே, அதில் டிக்கெட் வாங்கும்போதே எதற்கு என்று தெரியும். தெரிந்து போகிறவனுக்கு என்ன குறை? வாசல் வசூல் ஏறக்குறைய 2,43,000 டாலர் யூனிசெஃப்புக்குப் போனது. (இசைத்தட்டுப் பணம் வரிச் சிக்கலில் மாட்டி வருடக்கணக்கில் தூங்கியது, அது வேறு வயிற்றெரிச்சல்.) அந்த மாதிரி முன்பே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். போஸ்டரில் போடுங்கள்: பாட்டும் உண்டு, பேச்சும் உண்டு. வேண்டியவன் வருவான்.

மழைப்பயணி:
போஸ்டரில் போட்டால் மட்டும் ஒத்துக்கொள்வீர்களா? 2017இல் லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்குப் பெயரே 'நேற்று இன்று நாளை'. இதைவிடப் பெரிய எழுத்தில் எப்படிச் சொல்வது? ஆனாலும் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போய், பணத்தைத் திருப்பிக் கொடு என்று ட்விட்டரில் எழுதினார்கள். அன்று நாம் எல்லாரும் என்ன சொன்னோம்? கலைஞர் என்ன பாட வேண்டும் என்பது அவர் இஷ்டம் என்றோம். நமக்குப் பிடித்தபோது கலைஞர் இஷ்டம், பிடிக்காதபோது டிக்கெட் எடுத்தவன் உரிமையா?

கடைசி_வரிசை:
அங்கே அவர் பாடினார் ஐயா, பாடினார்! நான் பாட்டைக் குறை சொல்லவே இல்லை. பாட்டுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கட்டும், எந்த ஆட்சியை வேண்டுமானாலும் கிழிக்கட்டும், நானும் சேர்ந்து கத்துகிறேன். பாட்டில் சொல்ல முடிந்தவர் எதற்குப் பேச வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வயலின்_வாணி:
சில சமயம் பாட்டுக்கு வெளியேதான் செய்ய முடியும். 1978 ஏப்ரலில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ரெகே பாடகர் பாப் மார்லி, பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு இழுத்து இருவர் கையையும் தன் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்தார். இரண்டு கட்சி ஆட்களும் தெருவில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த நேரம். மார்லியே அதற்கு முன் 1976இல் சுடப்பட்டுப் பிழைத்தவர்.

கடைசி_வரிசை:
அப்புறம்? அந்த நிகழ்ச்சிக்கு முன்நின்ற இரண்டு கும்பல் தலைவர்களும் இரண்டு வருடத்துக்குள் கொல்லப்பட்டார்கள். 1980 தேர்தலில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். புகைப்படம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மேடைக்குப்_பின்னால்:
சார், நீங்கள் கேட்பது செய்தி நுழையாத ஒரு அரங்கம். அது இனிமேல் கிடையாது. 2015 நவம்பரில் பாரிஸ் பட்டாக்ளான் அரங்கில் 90 பேர் செத்தார்கள், பாட்டு கேட்க வந்தவர்கள். ஒரு வருடம் கழித்து அதே அரங்கை ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் திறந்து வைத்தபோது முதலில் ஒரு நிமிடம் மௌனம் கேட்டார். அதுவும் உங்கள் கணக்கில் பாட்டு நேரத்தில் கழிவுதானா? இன்றைக்கு வாசலில் பையைத் திறந்து காட்டாமல் எந்தப் பெரிய ஷோவுக்குள்ளும் போக முடியாது. மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் நாட்டு நடப்பு அந்தச் சோதனை மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கடைசி_வரிசை:
மௌனத்தை நான் குறை சொல்வேனா? அது ஒரு நிமிடம், இடத்துக்கும் பொருத்தம். எனக்கு வாய்த்தது இருபது நிமிடம், அதிலும் பாதி அவருடைய பழைய மேனேஜரைப் பற்றியது. சரி, எல்லைக்கோட்டை இப்படிப் போடுகிறேன்: ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரி நாலு வாக்கியம் என்றால் எழுந்து நின்று கைதட்டுகிறேன். அதற்கு மேல் போனால் வெளியே போய்த் தண்ணீர் வாங்கி வருவேன்.

மழைப்பயணி:
போங்கள், யார் தடுத்தது? ஆனால் திரும்பி வரும்போது வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அதற்குள் அடுத்த பாட்டு பாதி ஓடியிருக்கும். அப்புறம் இங்கே வந்து அதற்கும் ஒரு திரி தொடங்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கடைசி_வரிசை:
எடுத்தாச்சு. அதே ஆள்தான். முன் வரிசை.