மார்கழியில் மாடியில் மணக்க என்ன வைக்கலாம்?

தண்டையார்பேட்டை மாடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், கடல் கூப்பிடு தூரம். முதல் மாடி வீடு, அதற்கு மேல் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி இருக்கிறது. குண்டுமல்லி நான்கு தொட்டி. சித்திரை வைகாசியில் பறித்து மாளாது, கார்த்திகை பிறந்தால் ஒரு மொட்டு கண்ணில் படாது. விடியற்காலை கோலம் போட இறங்கினால் காசிமேட்டுக் காற்றில் கருவாடு மணக்கும். குறையாகச் சொல்லவில்லை, பிறந்து வளர்ந்த ஊர் வாசனை அது. ஆனால் கூடவே ஒரு பூ வாசனையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று இருக்கிறது.

எனக்குக்கூட இல்லை, மாமியாருக்காகத்தான் கேட்கிறேன். அவருக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது, காலை வெயிலுக்கு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னிக்கு என்ன பூத்திருக்கு என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். டிசம்பர் பூ வைத்தேன், ஊதா நிறத்தில் கொள்ளையாகப் பூத்தது, அவரைப் பொறுத்தவரை அது பூக்கவே இல்லை. ரீல்ஸ் பார்த்து லாவெண்டர் இரண்டு வாங்கினேன், மழையில் அழுகிப்போனது. சாமந்தி இலையாகத் தழைக்கிறது, மொட்டைக் காணோம். போர் தண்ணீர், உப்பு. என்ன செய்யலாம்?

செடிப் பைத்தியம், மாதவரம்:

லாவெண்டரை மறந்துவிடுங்கள் அக்கா. மத்திய தரைக்கடல் பக்கம் காய்ந்த கல் சரிவில் வளர்கிற செடி அது, நம் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேர் தாங்காது. குண்டுமல்லி பூக்காததும் நோய் இல்லை, அதற்கு இது ஓய்வு காலம். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டு, மக்கின சாணம் வைத்துவிடுங்கள், பங்குனியில் தானாகத் திரும்பும். பிச்சி இருந்தால் டிசம்பர் கடைசியிலும், முல்லை இருந்தால் ஜனவரி கடைசியிலும் வெட்டணும், மூன்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். (நான் செய்திருக்கிறேன். அந்த வருஷம் முல்லை கோபித்துக்கொண்டது.)

என்னைக் கேட்டால் நம் ஊர்க் குளிர்காலத்து வாசனையைப் பூவில் தேடக்கூடாது, இலையில் தேடணும். மரிக்கொழுந்து. பகலில் தெளிந்த வெயில், காலையில் பனி, அதற்கு இது போதும், வெயில் காலத்தில் அந்த மணம் வராது. விதை தூசி மாதிரி இருக்கும், மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, பூவாளியில் தெளிக்கணும், குடத்தைக் கவிழ்த்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பழைய விதை முளைக்காது, போன பருவத்து விதைதானா என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசி கடைசியில் விதைத்தால் தையில் கையால் தடவும் அளவுக்கு வரும், மாசியில் பூ எடுக்கிற நேரத்தில்தான் மணம் உச்சம். மார்கழிக்கே வேண்டுமென்றால் நாற்று கிடைத்தால் வாங்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு தொட்டி மரு. அது கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

ஒற்றியூரான்:

இலையில்தான் தேடணும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் எப்படி தம்பி? பவளமல்லி எங்கே போனது? எங்கள் மாடியில் பெயிண்ட் டிரம்மில் அடியில் ஓட்டை போட்டு வைத்தது, ஆறடி நிற்கிறது. ஆவணியில் ஆரம்பித்து மார்கழி வரை பூக்கும். சாயங்காலம் இருட்டியதும் விரியும், விடியும்போது கொட்டும், கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் பொறுக்குகிற வேலை மிச்சம். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பார்கள், பவளமல்லிக்கு அந்த விதி கிடையாது.

இதைவிட நல்ல வாசனை மகிழம்பூ, ஆனால் அது மரம், தொட்டியில் கேட்காதீர்கள். எங்கள் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தல மரமே மகிழம்தான், தேவாரம் பாடிய சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கொள்ள, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்து மாட்டிக்கொண்டது அதன் அடியில்தானே. காய்ந்த பிறகும் மணம் போகாது, ஒரு கைப்பிடி கிடைத்தால் உங்கள் மாமியார் தலையணைக்கு அடியில் வைத்துப் பாருங்கள்.

போர் தண்ணீர் விஷயம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. இப்போது பெய்கிற மழையில் தொட்டிகளை மூடாமல் விடுங்கள், அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால் உப்பு கழுவிக்கொண்டு போகும். ஓடும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்து (கொசு!) தையில் ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் தள்ளுகிற தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

வியாசர்பாடி 39:

சாமந்திக்கு ஒரு கேள்வி. உங்கள் மாடிக்குப் பக்கத்தில் தெருவிளக்கு இருக்கிறதா? இரவு நீளமானால்தான் சாமந்தி மொட்டு வைக்கும், ராத்திரி முழுக்க வெளிச்சம் பட்டால் அது இன்னும் கோடை என்று நினைத்துக்கொண்டு இலையாகவே போடும். சாமந்தி சாகுபடி செய்பவர்கள் பூவைத் தள்ளிப்போட விளக்கு போடுவார்கள், சீக்கிரம் வரவழைக்கக் கறுப்புத் துணி மூடுவார்கள். எங்கள் தெருவில் எல்இடி மாற்றின வருஷம் எனக்கும் இதே கதைதான், உரத்தில் குறை என்று என்னென்னவோ வாங்கிப் போட்டுக் காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம், யாராவது இரவு ராணி வைக்கச் சொல்வார்கள். பாம்பு வரும் என்பதெல்லாம் கதை, ஆனால் அந்த வாசனை சிலருக்குத் தலைவலி கொடுக்கும், அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தண்டையார்பேட்டை மாடி:

இப்போதுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கு சரியாகக் கைப்பிடிச் சுவர் உயரத்தில், சாமந்தித் தொட்டிக்கு நேரே. இத்தனை நாள் இது தோன்றவே இல்லை. ஐந்து தொட்டியையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தியாயிற்று, இடுப்பு போயிற்று. பவளமல்லிக்கு டிரம் சொல்லியிருக்கிறேன்.

தொட்டியைத் தூக்கும்போது சாமந்தி இலை கசங்கிக் கையெல்லாம் வாசனை, கீழே வந்து மாமியாருக்கு மாத்திரை கொடுத்தேன், கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு மரிக்கொழுந்து எங்கே வாங்கினே என்கிறார். விதை ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கப் போகிறேன், மாதவரம் தம்பி, எந்தக் கடையில் புதுசு கிடைக்கும் என்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.