மறு: இடுப்பில் மறைந்திருக்கும் துப்பாக்கிக்கு ஒரு சொல்

கோவையிலிருந்து, ஞாயிறு இரவு

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். டெக்சஸ் மாநிலத்தில் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் சிலரைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேர் கைத்துப்பாக்கியோடுதான் வண்டி ஏறுகிறார்கள். சட்டைக்கு அடியில், வெளியே தெரியாதபடி. அதைக் ‘கன்சீல்டு கேரி’ என்கிறார்கள். படத்தில் இருபது தடவைக்குக் குறையாமல் வருகிறது.

முதல் ஐந்து இடத்தில் ‘மறைத்து எடுத்துச் செல்லுதல்’ என்று போட்டேன். ஆள் ஒரு நொடியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். என் வரி இன்னும் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நீளம்கூடப் பரவாயில்லை. தமிழில் ‘துப்பாக்கியை மறைத்து எடுத்துச் சென்றார்’ என்று படித்தால், ‘போலீசார் மடக்கிப் பிடித்தனர்’ என்று அடுத்த வரியை மனசு தானே எழுதிக்கொள்கிறது. இவர் கடத்தல்காரர் இல்லை, பல் மருத்துவர். உரிமத்தைக் கேமராவுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

எந்திர மொழிபெயர்ப்பையும் கேட்டுப் பார்த்தேன். துணிக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் தெரிவதை அங்கே ‘பிரின்டிங்’ என்பார்கள். எந்திரம் ‘உன் சட்டையில் அச்சடிக்கிறாய்’ என்று தந்தது. அடிவயிற்றின் வலப்பக்கம் செருகிக்கொள்வதற்கு ‘அப்பெண்டிக்ஸ் கேரி’ என்று பெயர். அதற்கு ‘நான் குடல்வாலில் சுமக்கிறேன்’. அன்றைக்கு அதோடு கணினியை மூடிவிட்டேன்.

வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும், இரண்டும் ஜோடியாக வந்தால் நல்லது. அடுத்த செவ்வாய்க்குள் கொடுத்தாக வேண்டும்.

———

டாலஸ் பக்கத்திலிருந்து, திங்கள்

அக்கா, பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். வார இறுதியில் பைக் ஓட்டுவேன், துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருந்தாலே கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

கூட ஓட்டும் நண்பர் ஒருவர் வைத்துக்கொள்கிறார். அவரைப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன், சொல் தேட உதவும்.

காரில் போனால் டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பக்கம் என்று எங்காவது வைக்கலாம். பைக்கில் அப்படி ஓர் இடம் இல்லை, உடம்பேதான் அலமாரி. ஸ்போர்ட்ஸ் பைக்கில் டாங்க் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தால் ஜாக்கெட் பின்னால் ஏறிவிடும், இடுப்பில் இருப்பது வெட்டவெளிச்சம். நிமிர்ந்து உட்காரும் க்ரூஸர் என்றால் காற்று உள்ளே புகுந்து ஜாக்கெட்டைக் குடை மாதிரி ஊதிவிடும். நடுமுதுகில் செருகினால் மறையும், ஆனால் விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே வைப்பதில்லை. துப்பாக்கி பிடிக்கும் கைப்பக்க இடுப்பிலோ, தோளில் வார் மாட்டிக் கக்கத்திலோ வைப்பார்கள். பெட்ரோல் டாங்க் மேல் மாட்டும் பையில் வைப்பவர்களும் உண்டு. டீ குடிக்க இறங்கும்போது பையைக் கழற்ற மறந்தால் துப்பாக்கி வண்டியிலேயே நிற்கும்.

போன கோடையில் பெட்ரோல் பங்கில் நின்றோம். நாற்பது டிகிரி வெயில். நண்பர் ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு கையையும் தூக்கினார். ஜாக்கெட்டும் டி-ஷர்ட்டும் சேர்ந்து மேலே வர, கறுப்புப் பிடி ஒரு சாண் தெரிந்தது. பக்கத்துப் பம்பில் நின்ற அம்மா குழந்தையைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நண்பர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து அசடு வழிந்தார். அந்த அசடுக்கும் ஒரு காரணம் உண்டு: 2016 ஜனவரி வரை டெக்சஸில் உரிமம் இருந்தால்கூடக் கைத்துப்பாக்கியை வெளியே காட்டி நடக்க முடியாது. அதற்குப் பிறகுதான் உரிமக்காரர்களுக்கு அனுமதி வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவருக்கு உரிமமே தேவையில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்க வேண்டும். நண்பர் பழைய காலத்து ஆள், தெரிந்தாலே அவருக்கு மானக்கேடு.

இன்னொன்று. ‘எடுத்துச் செல்லுதல்’ உங்களுக்கு ஒத்துவராததற்கு வேறு காரணமும் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோகிறவருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்பு தருகிறது. குண்டு நிரப்பியிருக்கக் கூடாது, கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பைக்குக்கு ஏது டிக்கி? பக்கவாட்டுப் பெட்டிக்குள் இன்னொரு பூட்டுப் பெட்டி. அதுதான் ‘எடுத்துச் செல்லுதல்’. இடுப்பில் இருப்பது அது இல்லை, அது ஏறக்குறைய உடுத்திக்கொள்வது மாதிரி.

———

தஞ்சாவூரிலிருந்து, திங்கள் மாலை

அன்புள்ள அம்மா, தம்பி இருவருக்கும்,

தமிழுக்கு இப்பொருள் புதிதன்று. ‘தொழுதகை உள்ளும் படையொடுங்கும்’ என்றார் வள்ளுவர் (828). கும்பிடும் கைக்குள்ளே ஆயுதம் ஒளிந்திருக்கும். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் கையில் இருந்ததைச் சேக்கிழார் ‘படை கரந்த புத்தகக் கவளி’ என்கிறார், ஆயுதத்தை மறைத்த புத்தகக் கட்டு. ஆகவே ‘கரந்தேந்தல்’ என்று சொல்லலாம். வேர் உள்ள சொல்.

இடுப்பில் கட்டிய வாளுக்கு ‘உடைவாள்’ என்ற பெயர் உண்டு. தம்பி ‘உடுத்திக்கொள்வது மாதிரி’ என்றதும் நினைவு வந்தது. அந்த வழியில் ‘உடைத்துப்பாக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய கையோடு நானே அடித்துவிட்டேன், உடைந்த துப்பாக்கி என்று நினைப்பார்கள்.

———

கோவையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, கரந்தேந்தல் அழகான சொல். ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு இடத்திலும் ஆயுதத்தை மறைத்தவன் துரோகி. ஒருவன் கும்பிட்டுக்கொண்டே குத்துவான், இன்னொருவன் திருநீறு பூசிக்கொண்டு வந்து குத்தினான். நம்மிடம் இருக்கும் ‘கரவு’, ‘கரத்தல்’ எல்லாமே களவின் பக்கத்து வீடு. இந்தப் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை, எனக்கு இது பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பல் மருத்துவரைத் திரைக்கு அடியிலிருந்து முத்தநாதன் என்று நான் திட்டக்கூடாது. அவரை எடைபோடுவது பார்க்கிறவர்கள் வேலை.

‘ஏந்தல்’ என்றால் கையில் இருப்பது. துப்பாக்கி ஏந்திய காவலர் என்றால் கையில்தானே பார்க்கிறோம்?

‘மடித்துப்பாக்கி’ என்றும் யோசித்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்போம். இந்தப் படத்தில் இருப்பவர்கள் வழியில் பயம் என்றுதான் மடியில் கனத்தை வைக்கிறார்கள், அதனால் பிடித்திருந்தது. ஆனால் என் மகள் படித்துவிட்டு, ‘குடை மாதிரி மடக்கி வைக்கிற துப்பாக்கியாம்மா?’ என்றாள். போயிற்று.

இப்போது கையில் இருப்பது ‘மறைதரிப்பு’. ஆயுதம் தரித்தல் என்று சொல்கிறோமே, அதிலிருந்து. எப்படி?

———

டொராண்டோவிலிருந்து, செவ்வாய்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ‘மறைதரிப்பு’ என்றதும் சந்துக்குள் ஒளித்து நிறுத்திய மோட்டார் சைக்கிள்தான் கண்ணுக்கு வந்தது. எங்களுக்கு வாகனம் நிறுத்தும் இடம் ‘தரிப்பிடம்’, பஸ் நிற்பது ‘தரிப்பு நிலையம்’. படமும் மோட்டார் சைக்கிளைப் பற்றியது என்கிறீர்கள், குழப்பம் நிச்சயம்.

‘கர’ என்ற வேரும் எங்களுக்குப் போர்க்காலச் சொல். கெரில்லாவைக் ‘கரந்தடிப் படை’ என்று எழுதி வந்தவர்கள் நாங்கள். கரந்தேந்தல் என்று வாசித்தால் பல் மருத்துவர் காட்டுக்குள் போய்விடுவார்.

தூக்கிக்கொண்டு போவதற்கு எங்களிடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: காவுதல். தண்ணீர்க் குடத்தைக் காவினாள், பிள்ளையைக் காவிக்கொண்டு வந்தான் என்போம். காவடியில் இருக்கும் ‘கா’தான். ‘மறைகாவல்’ என்று போட்டால் காவலும் சேர்ந்து வரும். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம், அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ‘ஆரம்பி’ என்று வாசிப்பீர்கள்.

———

டாலஸ் பக்கத்திலிருந்து, செவ்வாய்

அண்ணா, காவுதல் அருமையான சொல். ஆனால் எங்கள் ஊரில் காவு என்றால் ஆடு, கோழி, ரத்தம். ‘துப்பாக்கி காவினார்’ என்று போட்டால் மதுரையில் ஆள் செத்துவிட்டார் என்பார்கள். மறைகாவல் வேறு ரகசிய போலீஸ் மாதிரி ஒலிக்கிறது.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இவர்கள் பேச்சில் மறைவைவிட உறைதான் அதிகம் அடிபடும். கூடும் இடத்தில் எல்லாம் தோல் உறையா, கைடெக்ஸ் என்கிற அழுத்தமான பிளாஸ்டிக் உறையா என்றே சண்டை. குழியில் வண்டி குதிக்கும்போது துப்பாக்கி நழுவக் கூடாது, ஜாக்கெட் நாடா உள்ளே போய் விசையில் மாட்டக் கூடாது. இரண்டையும் தடுப்பது உறைதான். உறை இல்லாமல் பெல்ட்டில் சொருகிக்கொண்டு பைக் ஓட்டுபவனைக் கண்டால் என் நண்பர் தள்ளியே ஓட்டுவார். அதனால் சொல்லில் ‘உறை’ வரட்டும். செருகல் வேண்டாம், அது கணினிக்காரர்களின் செருகுநிரலோடு (பிளக்-இன்) மோதும்.

———

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

தம்பி உறை என்றதும் விடை வந்துவிட்டது. உள்ளுறை.

உள்ளே இருக்கும் உறை; உள்ளே உறைவது. இரண்டு பொருளும் பொருந்துகின்றன. சொல்லாமல் உணர்த்துவதை உள்ளுறை உவமம் என்று இலக்கணம் சொல்லும். அங்கே மறைவு உண்டு, வஞ்சகம் இல்லை. அம்மாவின் குறை தீர்ந்தது. வெளியே தெரிந்தால் வெளியுறை. ஜோடியும் கிடைத்தது.

பழைய நூல்களில் பொருளடக்கத்துக்கும் உள்ளுறை என்று தலைப்பிடுவார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன், யாராவது பிடிப்பதற்கு முன். முன்பக்கத்தில் இருப்பதும் இடுப்பில் இருப்பதும் குழம்பாது.

ஒன்று மட்டும். வஞ்சக வாடையைச் சொல்லிலிருந்து இவ்வளவு கவனமாகத் துடைக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. எதிரே நிற்பவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதானே இதன் சாரம்? என் சொந்தக் குறிப்பேட்டில் கரந்தேந்தல் இருக்கும்.

———

டொராண்டோவிலிருந்து, புதன்

உள்ளுறைக்கு என் ஆதரவு. ஒரு கேள்வி: இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் மாட்டும் உறை, வெளிப்பக்கம் மாட்டும் உறை என்று இரண்டு உண்டு. வெளிப்பக்கம் மாட்டி, மேலே ஜாக்கெட்டைப் போட்டு மூடினால் அது உள்ளுறையா, வெளியுறையா?

———

கோவையிலிருந்து, வியாழன்

நல்ல கேள்வி, நேற்றிரவு முழுக்க அதிலேயே போயிற்று. ‘உள்’ என்பதை உடைக்கு உள்ளே என்று வைத்துக்கொள்கிறேன், பட்டைக்கு உள்ளே என்று இல்லை. ஜாக்கெட் மூடியிருந்தால் எங்கே மாட்டினாலும் உள்ளுறை. ஜாக்கெட்டைக் கழற்றினால் அதே துப்பாக்கி வெளியுறை. தம்பி சொன்ன பெட்ரோல் பங்குக் கதையில் நடந்ததும் இதுதான், கை தூக்கிய அந்த இரண்டு நொடி அவர் வெளியுறைக்காரர். பட்டை வேறுபாடு படத்தில் ஓர் இடத்தில்தான் வருகிறது. அங்கே ‘பட்டைக்கு உள்ளே’, ‘பட்டைக்கு மேலே’ என்று அப்படியே எழுதிவிட்டேன்.

மற்றவை இப்படி முடிந்திருக்கின்றன. பிரின்டிங் என்பதற்குப் ‘புடைப்பு’. இதற்கு யாரையும் கேட்கவே தேவைப்படவில்லை. ‘புடைச்சுக்கிட்டு நிக்குது பார்’ என்று சட்டைப்பைக்குள் இருக்கும் மிட்டாய்க்கே சொல்லுவோம். அப்பெண்டிக்ஸ் கேரிக்கு ‘அடிவயிற்று உறை’. தோள்வாரில் தொங்குவதற்குத் தம்பியின் கக்கத்தை எடுத்துக்கொண்டேன்: ‘கக்கத்து உறை’. டாங்க் பையில் வைத்தால் உறை கிடையாது, ‘பையில் வைத்தல்’ மட்டும்தான். பூட்டிய பெட்டியில் மாநிலம் தாண்டினால் மட்டும் ‘எடுத்துச் செல்லுதல்’.

பல் மருத்துவரின் வரி முன்பு ‘மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் என்னிடம் உள்ளது’ என்று இருந்தது. இப்போது ‘உள்ளுறை உரிமம் இருக்கு’. அவர் வாய் மூடும்போது வரியும் முடிகிறது. முதல் தடவை வரும் இடத்தில் கேமரா முன் அவரே சட்டையைத் தூக்கிக் காட்டுவதால் விளக்கம் தேவைப்படவில்லை.

ஐயா, உங்கள் ஐயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடைசிக் காட்சியில் ஒரு பெண் இவர்களைப் பார்த்து, ‘எல்லோரும் சிரிக்கிறீங்க, யார் இடுப்பில் என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘கரந்து வைத்திருப்பது’ என்று போடலாமா என்று பார்க்கிறேன். அவள் பார்வையில் அது சரிதானே? சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம், இது தம்பிக்கு. மதுக்கடை வாசலில் சிவப்பில் ‘51%’ என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்ததும் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். ஏன் என்று படத்தில் சொல்வதே இல்லை.

———

டாலஸ் பக்கத்திலிருந்து, வியாழன்

வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் கடை என்று அர்த்தம் அக்கா. உள்ளே துப்பாக்கியோடு போனால் குற்றம், உரிமம் இருந்தாலும். கார்க்காரர் என்றால் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். இவருக்குப் பூட்ட இடம் இல்லை, அதனால் திரும்பிவிட்டார். ‘மதுக்கடை, துப்பாக்கிக்குத் தடை’ என்று பலகைக்கு மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள், போதும்.